பட்டா வேறு, வில்லங்கம் வேறு: ஏ.ஐ.க்கு யார் சொல்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது, "ஏ.ஐ. ஏஜென்ட் என்றால் என்ன?" என்பதுதான். சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றிடம் கேள்வி கேட்டால் பதில் வரும் என்பது பலருக்கும் தெரியும். ஏஜென்ட் அதற்கு ஒரு படி மேல். பதில் சொல்வதோடு நிற்காமல், நமக்காக வேறு புரோகிராம்களை இயக்கி வேலையை முடித்துத் தரும். அப்படி அது இயக்கும் ஒவ்வொரு சிறு புரோகிராமையும் டூல் என்கிறார்கள்.

டூலின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. டூலின் பெயர், அது என்ன செய்யும் என்று சில வரிகளில் ஒரு விளக்கம், அதற்குத் தர வேண்டிய தகவல்களின் பட்டியல். அதற்குக் காட்டப்படுவது அவ்வளவுதான். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டு, 2025ல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமும் ஏற்றுக்கொண்ட எம்.சி.பி. என்ற பொது விதிமுறையிலும் இதே அமைப்புதான். எந்த டூலை எப்போது எடுப்பது என்று ஏஜென்ட் முடிவு செய்வது அந்தச் சில வரிகளைப் படித்துத்தான். ஆனால் பல இடங்களில் அந்த வரிகளைப் புரோகிராமர் கடைசி நேரத்தில் அவசரமாக எழுதி முடிக்கிறார். விஷயம் தெரிந்தவரை அருகில் உட்கார வைத்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நான் இருப்பது கீழ்பென்னாத்தூரில். விவசாயம் சார்ந்த ஊர். இங்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கியதும் பலர் முதலில் பார்க்க நினைப்பது தங்கள் நிலத்தின் பட்டாவை. அரசு இணையதளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண் அல்லது சர்வே எண்ணும் உட்பிரிவும் தந்தால் விவரம் கிடைக்கும். இந்த வேலைக்கு ஒருவர் டூல் தயாரித்து, "நில விவரங்களைத் தரும்" என்று மட்டும் விளக்கம் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம்.

நிலம் வாங்கப் போகும் நீங்கள், "இந்த நிலத்தின் மேல் கடன் ஏதும் உள்ளதா?" என்று கேட்கிறீர்கள். நில விவரம் தரும் டூல் ஒன்று இருக்கிறதே என்று ஏஜென்ட் அதை இயக்கும். வந்த பட்டாவில் கடன் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. உடனே, "கடன் எதுவும் இல்லை" என்று பதில் வரக்கூடும்! பட்டாவில் அடமானம் தெரியாது என்பதை எங்கள் ஊரில் நிலம் வாங்கி விற்ற யாரும் சொல்லிவிடுவார்கள். அதற்கு வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையைச் சேர்ந்தது. வில்லங்கம் பதிவுத் துறையைச் சேர்ந்தது. பதிவு செய்யாத கைக்கடன் வில்லங்கத்திலும் வராது. "பட்டாதாரர் பெயர், சர்வே எண், பரப்பு, தீர்வை ஆகியவற்றைக் காட்டும். அடமானம், விற்பனைப் பதிவுகளைக் காட்டாது. கடன் பற்றிய கேள்விக்கு இதைப் பயன்படுத்தாதே" என்று எழுதியிருந்தால், இந்த ஆபத்து பெருமளவு குறைந்திருக்கும்.

அடுத்தது பரப்பு. பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர். நாம் பேசுவது ஏக்கர், சென்ட். டூல் 40.50 என்று வெறும் எண்ணைத் திருப்பித் தந்தால் என்ன ஆகும்? அது ஏர் என்றால், ஓர் ஏர் 100 சதுர மீட்டர் என்பதால், நிலம் ஏறத்தாழ ஒரு ஏக்கர். சென்ட் என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் அரை ஏக்கர் கூட இல்லை. விளக்கத்தில் அலகைக் குறிக்க ஒரு வார்த்தை போதும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். கீழ்பென்னாத்தூர் என்பது ஊரின் பெயர், தாலுகாவின் பெயரும் அதுவே. ஆங்கிலத்தில் இதை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எந்தக் கட்டத்தில் எது, எந்த எழுத்துக் கோர்வையில் என்று டூல் சொல்ல வேண்டாமா?

ஏ.ஐ. நாளுக்கு நாள் புத்திசாலியாகிறது, தானே புரிந்துகொள்ளும் என்று சிலர் வாதிடுகிறார்கள். வெளி மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், "இது ஏரா, சென்டா?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். ஏஜென்ட் பல நேரங்களில் கேட்பதில்லை, ஊகித்துக்கொண்டு போய்விடுகிறது. அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதுவதும் சரியில்லை. இருபது டூல்களின் விளக்கமும் ஒன்றாக அதன் முன் வைக்கப்படும்போது முக்கியமான வரி அமுங்கிப் போகும். ஐந்தாறு வரி போதும். அதை எழுத இ-சேவை மையத்தில் தினமும் இந்த வேலை செய்பவரையோ, சர்வேயரையோ, பத்திரம் எழுதுபவரையோ கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து உட்கார வைப்பதில் என்ன நஷ்டம்?

2025 அக்டோபரில் சாட்ஜிபிடி வழியாகவே யு.பி.ஐ.யில் பணம் செலுத்தும் சோதனை இந்தியாவில் தொடங்கியது. எனவே பட்டாவோடு இது நிற்காது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏஜென்ட் ஒரு டூலை இயக்கும் முன் அனுமதி கேட்டு ஒரு சிறிய விண்டோ காட்டும்போது, அவசரப்பட்டு ஓகே தட்டாதீர்கள். "இந்த டூல் எதைச் செய்யும், எதைச் செய்யாது? விளக்கத்தில் உள்ளதை அப்படியே தமிழில் சொல்" என்று டைப் செய்திடுங்கள். ஒரே வரியில், பொத்தாம் பொதுவாகப் பதில் வந்தால் கேன்சல் கிளிக் செய்துவிட்டு, அந்த வேலையை நீங்களே இணையதளத்தில் பார்த்து முடித்திடுங்கள்.