கல்லும் கணக்கும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிக்கும் குளியலுக்கும் நடுவிலே, ஆபீஸ் போகிற ஆண்மக்களுக்குத் திடீரென்று ஒரு வீரம் பிறக்கும். 'தோட்டத்துல ஒரு கல் பாதை, பூச்செடி மேட்டுக்கு ரெண்டடியில ஒரு கல் கட்டு... நாமே போட்டா என்ன?'

போடலாம் சார், தாராளமாகப் போடலாம்! ஆறு நாளும் டிபன் பாக்ஸைத் தவிர வேறெதையும் தூக்காத கைக்கு நல்ல மாறுதல். ஆனால், நான் பி.காம். படித்தவன். எதிலும் வரவு - செலவு பார்த்தே பழக்கம். இந்த வேலையில் நீங்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது தண்ணீருக்கு!

முதலில் பாதை. அரையடி தோண்டி, ஜல்லியைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்குங்கள். மேலே ஓர் அங்குலம் மணல். அதன் மேல் கடப்பா கல்லோ, கருங்கல் பலகையோ. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக, நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு. கல்லுக்குக் கல் இடைவெளியில் சிமென்ட் பூசாதீர்கள். மண்ணும் புல்லும் இருந்தால் மழை உள்ளே இறங்கும். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மொட்டை மாடிக்குக் குழாய் வைத்துவிட்டு, வாசல் முழுக்க சிமென்ட் பூசுகிற புத்திசாலிகள் நாம்தான்! இன்னொன்று... இடைவெளியை உங்கள் நடையால் அளக்காதீர்கள். புடவை கட்டிய அம்மா ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

அடுத்து கல் கட்டு. சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவது பழங்கலை. கிரீஸ், இத்தாலி உட்பட எட்டு நாடுகளில் வாழும் இந்தக் கலையை யுனெஸ்கோ 2018-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விதிகள் சுலபம். பெரிய கல் அடியில். ஜாயின்ட்டுக்கு நேர் மேலே ஜாயின்ட் வரக்கூடாது. அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் சுவர் மண் பக்கம் சாய வேண்டும்... இன்க்ரிமென்ட் மாசத்தில் நாம் மேனேஜர் பக்கம் சாய்வோமே, அதுபோல!

சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். சிமென்ட் வைத்துக் கட்டினால், தண்ணீர் வடிய அங்கங்கே துளை விடுங்கள். மழை குடித்த மண் கனக்கும். தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளும். கல் எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் அப்போது செல்லாது.

2019 டிசம்பர் 2 விடியற்காலை. மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில், அடைமழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து ஓட்டு வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவே இல்லை.

ஆகவே, ரெண்டடி வரை உங்கள் வீரம் செல்லும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அவருடைய ஃபீஸை வீண் செலவில் எழுதாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.