மாரிக்கு முன் மகனோடு ஒரு பைக் பயணம்



கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்து வட்டைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. விவசாயிகள் பெரும்போக விதைப்புக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் சில கிழமைகள்தான். வாடை தொடங்கிவிட்டால் தை மாதம் வரைக்கும் நம்முடைய மோட்டார் சைக்கிள்கள் மழைக்கோட்டோடும் சேற்றோடும்தான் ஓடும்.

வெயிலும் அடங்கி, மழையும் வராத இந்தச் சின்ன இடைவெளிதான் நம் கிழக்குக் கரையில் பைக்கில் போவதற்கு ஆண்டிலேயே நல்ல காலம். இதை நாம் வீணாக்குகிறோம் என்பது என் கருத்து. வீணாக்குவது மட்டுமில்லை, அதற்கு நம் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள் என்றும் நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. வாப்பா வயலுக்குப் போவதும் அதில்தான், மீன் வாங்கப் போவதும் அதில்தான். பாடசாலை, டியூஷன், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி எல்லாம் அதில்தான். ஆனால் "சும்மா ஒரு பயணம் போய் வருவோம்" என்று யாராவது பைக்கை எடுத்தால் உடனே என்ன சொல்கிறோம்? "ஊர் சுத்தப் போறான்." "வேலை வெட்டி இல்லை." நாற்பது வயதுக்காரர் போனால் "இந்த வயசில இவருக்கென்ன விளையாட்டு?" வாகனத்தில் போய் சந்தோஷப்படுவது ஏதோ கூடாத காரியம் போலப் பேசுகிறோம்.

இப்படிப் பேசி என்ன நடந்திருக்கிறது? பைக்கில் கிடைக்கும் சந்தோஷத்தை நாம் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை அவர்களே தேடிக்கொண்டார்கள், கூட்டாளிமாரோடு, இஷாவுக்குப் பிறகு, பிரதான வீதியில். சைலன்சரை மாற்றி, ஹெல்மட் இல்லாமல், பின்னால் இரண்டு பேரை ஏற்றி, யார் முந்துவது என்று. அவர்களுக்குத் தெரிந்த ஒரே ருசி வேகம்தான். வேறு ருசி இருக்கிறது என்று யார் சொன்னோம்?

பிள்ளைகளுக்கு பைக் ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். பயணம் போகக் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

ஓடுவது என்றால் கிளச், கியர், பிரேக். ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். பயணம் போவது என்றால் முன்னால் என்ன வரும் என்று யோசிப்பது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது. வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தால் அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு என்று விலகிப் போவது. மாட்டுப்பட்டி குறுக்கே போனால் ஹோர்ன் அடிக்காமல் நின்று கொடுப்பது. முதுகு வலித்தால் மர நிழலில் நிறுத்துவது. அடுத்த ஊர்க் கடையில் ஒரு பிளேன்டீ குடித்து, நாலு வார்த்தை பேசி, பிறகு புறப்படுவது. இவற்றைப் புத்தகத்தில் படிப்பிக்க முடியாது. பெரியவர் ஒருவரின் பின்னால் இருந்து பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இலங்கையில் வீதி விபத்துகளில் மரணிப்போரில், வேறெந்த வாகனத்தில் போவோரையும் விட மோட்டார் சைக்கிளில் போவோரே அதிகம். நமக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை, நாம் தொழுத ஜனாஸாக்களே போதும். ஒவ்வொரு முறையும் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிவிட்டுக் கலைந்து போகிறோம். உண்மைதான், நாட்டம் அவனுடையது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதை ஈமானின் கிளை என்று சொன்ன மார்க்கம். இரவில் வீதியில் பறக்கும் ஒரு பைக் எவ்வளவு பெரிய இடர் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வாப்பாமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். மாரி வருமுன் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். சுபஹ் தொழுதுவிட்டு, பயண துஆ ஓதி, மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள். எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். "போற வழியில அந்த ஆளைப் பார்த்து காசு வாங்கிட்டு வருவம்" என்று ஒன்றைச் சேர்த்தால் அது பயணம் இல்லை, வேலை.

எங்கே போவது?

தெற்கே போகலாம். கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு ஒரு வழிக்கு 70 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காரைதீவு, நிந்தவூர், களியோடைப் பாலம், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும் ஊருக்குப் பின் ஊர். அதற்கப்பால் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டினால் வீதி விரிந்து காற்று மாறும். கோமாரிக்குப் போகும் வழியில் சங்கமன்கண்டி வரும். இலங்கையின் கிழக்கு முனை அங்கேதான் இருக்கிறது. வகுப்பில் நாட்டின் வடக்கு முனையும் தெற்கு முனையும் கேட்டால் பருத்தித்துறை, தேவேந்திரமுனை என்று பிள்ளைகள் டக்கென்று சொல்கிறார்கள். கிழக்கு முனையைக் கேட்டால் முழிக்கிறார்கள். அது நம்முடைய கரையிலேயே, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது.

அறுகம்பையில் கடல் சறுக்கும் சீசன் முடிகிற நேரம் இது. வெளிநாட்டவர் கூட்டம் குறைந்து கடற்கரை நமக்குக் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் லகுகல. மழைக்கு முந்திய இந்த நாட்களில் குளத்துப் புல்லுக்கு யானைகள் வரும். தூரத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அந்தக் காட்டு வீதியில் மாலையில் நிற்க வேண்டாம். ளுஹருக்கு முன்பே பொத்துவிலுக்குத் திரும்பிவிடுங்கள்.

மேற்கே என்றால் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அம்பாறை வழியாக இங்கினியாகல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் உருவான சேனநாயக்க சமுத்திரம் அங்கே இருக்கிறது. நம் மாவட்டத்து வயல்களில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் விளைகிறது. வாய்க்காலில் தண்ணி வரவில்லை என்று வட்டவிதானையோடு சண்டை பிடிக்கிறோம், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? மாரிக்கு முன் நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு தடவையும், தை மாதம் நிறைந்த பிறகு ஒரு தடவையும் கூட்டிப் போங்கள். மழையின் பெறுமதி அந்தப் பிள்ளைக்கு அதன் பிறகு பாடமாகத் தேவைப்படாது.

இந்த வீதிகளைப் பற்றி இன்னுமொன்றும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. சோதனைச் சாவடி வந்தால் இறங்கி பைக்கைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அடுத்த ஊர் தமிழ் ஊர் என்றால் அவர்களுக்கும் பயம், நமக்கும் பயம். பொழுது பட்டால் யாரும் யாருடைய ஊருக்கும் போவதில்லை. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இது கதை. அந்தக் கதையைச் சொல்வதற்கு வீட்டு மண்டபத்தை விட அந்த வீதியே நல்ல இடம். "மகன், இந்த இடத்திலதான் எங்கள இறக்கி நடக்க வெச்ச" என்று சொல்லிக் காட்டுங்கள். பிறகு அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் அண்ணனின் கடையிலோ சிங்கள மாமாவின் கடையிலோ இளநீர் வாங்கிக் கொடுங்கள். பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்தப் பார்வை நம்முடைய பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம்.

"மாரி முடிந்த பிறகு போகலாமே?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு வாப்பா மகனுக்கு வீதியைக் காட்ட வேண்டியது மாரிக்கு முன். ஏனென்றால் மாரியில் இதே வீதி வேறு வீதி. 2024 நவம்பரில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் புரண்டதையும், நாம் இழந்த பிள்ளைகளையும் மறந்திருக்க மாட்டோம். அல்லாஹ் அவர்களுக்கு ஜன்னத்துல் பிர்தவ்ஸைக் கொடுப்பானாக. எந்த இடத்தில் வீதி பணிந்திருக்கிறது, எந்த மதகால் தண்ணீர் பாயும், எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதைக் காய்ந்த நாளில் பார்த்து வைத்தவன்தான் நனைந்த நாளில் தயங்குவான். அந்தத் தயக்கம் உயிரைக் காக்கும்.

"பெற்றோல் விலைக்கு இது வீண்விரயம் இல்லையா?" நியாயமான கேள்வி. 100 சீசீ பைக் ஒன்று ஒரு லீற்றருக்கு 50 கிலோமீற்றராவது போகும். பொத்துவில் போய் வர மூன்று லீற்றர். 2022இல் கியூஆர் காட்டி கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய நாட்களில் இதைக் கேட்டிருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். இன்றைக்கு ஒரு குடும்பம் ஒரு இரவு கடையில் கொத்து ரொட்டி சாப்பிடும் காசு அதைவிடக் கூட. அதையும் பார்க்க முடியாத வீடுகள் இருக்கின்றன என்பது தெரியும். அவர்கள் பொத்துவில் போக வேண்டியதில்லை. களியோடைப் பாலம் வரை, ஒலுவில் கடற்கரை வரை போனாலும் அது பயணம்தான்.

"பைக் ஆசையை நாமே ஊட்டுவதா? பிறகு பைக் வாங்கித் தா என்று நிற்பானே" என்று உம்மாமார் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆசை ஏற்கெனவே இருக்கிறது, தாய்மாரே. அது உங்கள் கைபேசியிலேயே வீடியோவாக ஓடிக்கொண்டிருக்கிறது. 18 வயதாகி, லைசென்ஸ் எடுக்கும் வரை சாவி இல்லை என்பதில் உறுதியாக இருங்கள். ஓ/எல் பாஸ் பண்ணினால் பைக் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் பின்னால் இருக்க வயதெல்லை பார்க்க வேண்டாம், கால் ஃபுட்ரெஸ்ட்டில் எட்டினால் சரி, ஹெல்மட் தலைக்குப் பொருந்தினால் சரி.

ஹெல்மட் என்றவுடன் ஒன்று. பொலிஸ் நிற்கும் சந்திக்கு முன்னால் மட்டும் போடுவது, பள்ளிக்குப் போகும்போது தொப்பி போதும் என்பது, டேங்கின் மேல் வைத்துக்கொண்டு போவது, இதெல்லாம் பின்னால் இருக்கும் மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் நாளைக்கு உங்களைப் போலத்தான் ஓடுவான்.

சகோதரிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இன்று நம் ஊர்களில் ஸ்கூட்டி ஓடாத பாடசாலை இல்லை. ஆசிரியைகள், தாதிமார், பிள்ளைகளைக் கொண்டு விடும் தாய்மார் எல்லோரும் ஓடுகிறார்கள். வேலைக்காக ஓடினால் பாராட்டுகிறோம், கடற்கரைக் காற்று வாங்க ஓடினால் முகம் சுளிக்கிறோம். கணவன்மாரே, நீங்கள் ஒரு பைக்கிலும் அவர் ஒரு ஸ்கூட்டியிலுமாக ஒரு காலையில் போய் வந்து பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. அபாயாவின் ஓரமும் ஷோலின் நுனியும் பின் சில்லில் சுற்றிக்கொள்வது பெரிய ஆபத்து. ஏறியவுடன் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் கராஜில் ஒரு அரை மணித்தியாலம் நில்லுங்கள். டயர் பூ தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா, பின் லைட் எரிகிறதா என்று பாருங்கள். இதை எப்படியும் மாரிக்கு முன் செய்யத்தான் வேண்டும். ஐப்பசியில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும், ஆகையால் பகலுக்குள் வீடு சேருங்கள். வழியில் முதல் தூறல் விழுந்தால் நின்றுவிடுங்கள். பல மாதத்துப் புழுதியும் எண்ணெயும் நனைந்து வீதி வழுக்குவது அந்த முதல் பத்து நிமிடத்தில்தான்.

வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு நாள் மெதுவாகப் போய் வந்த பிள்ளை இரவில் ரேஸ் ஓடவே மாட்டான் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது அவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஞாபகம் இருக்கும். இன்றைக்கு அவனிடம் அதுவும் இல்லை.

வானம் வடகிழக்கில் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. வருகிற சனிக்கிழமையைத் தள்ளிப்போட வேண்டாம். அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.