உருவம் ஒன்று, பணி வேறு

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் அக்கிரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. முகப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், வாசலில் பெயரோ எண்ணோ இல்லையேல் புதிதாக வருபவர் திகைப்பார். இன்றைய மடிக்கணினியின் விளிம்பிலும் இந்நிலையே காணப்படுகிறது. ஒரே வடிவமுள்ள இரண்டு டைப்-சி போர்ட்டுகளில் ஒன்று மின்சாரத்தை ஏற்று, படத்தையும் திரைக்கு அனுப்பும். மற்றொன்று தகவலை மட்டுமே கடத்தும்.

வடிவமே காவலாக நிற்பது பழைய முறை. நம் நாட்டுச் சுவர் மின்செருகிகளில் 16 ஆம்பியர் செருகியின் முனைகள் பருத்தவை. அவை 6 ஆம்பியர் துளையில் நுழையமாட்டா. 2014-இல் வெளியான டைப்-சி, 24 தொடுமுனைகளைக் கொண்டது. எப்பக்கமாகச் செருகினும் பொருந்துவது. எல்லாப் பணிக்கும் ஒரே வாய் என்ற வசதியை அது தந்தது. வடிவம் தந்த காவலை நீக்கியது.

தவறான போர்ட்டில் செருகுவதால் பெரும்பாலும் கருவிக்குக் கேடில்லை. இணைப்பு 5 வோல்ட்டில் தொடங்கி, இரு கருவிகளும் உடன்பட்ட பின்னரே உயர்கிறது. நஷ்டமாவது காலமே. 60 கிகாபைட் பதிவை 40 கிகாபிட் வேகப் போர்ட்டு, கணக்களவில், 12 விநாடியில் கடத்தும். 480 மெகாபிட் கேபிளுக்கு அதுவே 1,000 விநாடி ஆகும். திரையில் படம் தோன்றாவிடில் ஆசிரியரின் பாடவேளை வீணாகிறது. கெட்டுவிட்டதென்று நல்ல கருவியே பழுதுபார்க்க அனுப்பப்படுவதும் உண்டு.

அடையாளங்கள் சில உள்ளன. அம்புமுனையுள்ள மின்னல் குறி தண்டர்போல்ட்டைக் காட்டும். ‘டி’, ‘பி’ என்னும் ரோமன் எழுத்துகள் பிணைந்த சின்னம் திரையிணைப்பைக் காட்டும். 10, 20, 40 என்னும் எண்கள் வேகத்தைக் குறிக்கும். ஆனால் குறி இல்லாமையால் திறனும் இல்லை என்று முடிவு செய்யலாகாது. அந்த மாதிரிக்குரிய விவரக்குறிப்பைப் பார்ப்பதே தக்கது. கேபிள்களும் 60 வாட், 240 வாட் என வேறுபடுதலை மறத்தலாகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28-ஐ வரையறை நாளாக விதித்தது. வடிவத்தை ஒன்றாக்கியது போற்றத்தக்கதே. எனினும் அது பாதிப் பணிதான். வேகம், வாட் அளவு, திரையிணைப்பு ஆகிய மூன்றையும் போர்ட்டின் அருகிலேயே பொறிக்கவேண்டுமென்று உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துதல் அவசியம். இடமில்லை என்னும் வாதம் பொருந்தாது. விளம்பர ஒட்டிகளுக்கு அதே கருவியில் இடம் கிடைக்கிறதன்றோ?

அதுவரை பள்ளிகளும் கள அலுவலகங்களும் வாளாவிருத்தல் வேண்டா. கருவி வந்த அன்றே ஒவ்வொரு போர்ட்டையும் சோதித்து, முடிவைச் சிறு துண்டுக் காகிதத்தில் எழுதி அருகில் ஒட்டி, இருப்புப் பதிவேட்டிலும் குறித்துவிடுதல் நலம். அரைமணி நேர வேலை அது. அடுத்து அக்கருவியைக் கையாள்பவருக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.