பிரம்பு போன கைக்கு என்ன கொடுத்தோம்?

அடியையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்தது. சரி, பிரம்பு போன ஆசிரியர் கைக்கு என்ன கொடுத்தோம்? உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில், கடைசி பெஞ்சைக் காம்பஸ் முனையால் கீறிக்கொண்டிருப்பவன் ‘அடங்காதவன்’ ஆகிவிடுகிறான். காது மந்தமா, எழுத்து பிடிபடாத டிஸ்லெக்ஸியாவா, வீட்டில் தினமும் குடிச்சண்டையா? இதைக் கண்டறிய உதவ வேண்டிய, ஆசிரியர் பி.எட்.டில் படித்த உளவியல் தாள் பரீட்சையோடு போய்விடுகிறது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றவே நேரமில்லை, நாங்கள் என்ன டாக்டரா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். வைத்தியம் பார்க்க வேண்டாம். கண்டுகொண்டு அனுப்பினால் போதும். மதுரையில் அனுப்ப இடமா இல்லை? அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநலப் பணி செய்கிறது. ஆனால் கண்டுகொள்ள ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்; ஒருநாள் பயிலரங்கில் பவர்பாயிண்ட் காட்டி, டீ வடையோடு அனுப்பிவைப்பது பயிற்சி ஆகாது. தன் வகுப்புப் பிள்ளை ஒருவனைப் பற்றிய குறிப்போடு, மாதம் ஒருமுறையாவது ஆசிரியர் மனநல ஆலோசகர் முன் உட்கார வேண்டும்.