தம்பிக்கு வாங்கும் முதல் டென்னிஸ் பேட்

உங்க வீட்டுல எட்டாவதோ பத்தாவதோ படிக்கிற தம்பி, தங்கச்சி யாராவது "நான் டென்னிஸ் கத்துக்கப் போறேன்"னு ஆரம்பிச்சிருக்காங்களா? அப்படின்னா அடுத்த வசனம் உங்களுக்கே தெரியும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நல்ல பேட்டா பார்த்து ஆர்டர் போடு." உடனே நாமளும் போனை எடுத்து, ஸ்டார் ரேட்டிங் பார்த்து, பத்து நிமிஷத்துல முடிச்சிடுவோம். அந்தப் பத்து நிமிஷம் போதாது என்பதுதான் என் வாதம்.

பெரும்பாலும் நாம போற வழி மூணு. மூணுமே தப்பு.

முதல் வழி, பிடிச்ச பிளேயரோட மாடல். ஃபெடரர் பெயரில் 2014இல் வந்த வில்சன் ராக்கெட்டின் எடை, நரம்பு கட்டாமலேயே 340 கிராம். தலைப்பகுதி 97 சதுர இன்ச். சின்ன வயசிலிருந்து தினமும் மணிக்கணக்கா ஆடி வளர்ந்த தோளுக்குச் செய்த கருவி அது. பதினாலு வயசுப் பையன் கையில் அது ஒரு உலக்கை. அது மட்டுமில்ல, முன்னணி வீரர்கள் பலர் கையில் இருப்பது கடையில் விற்கும் அதே ராக்கெட்டே கிடையாது. தனக்கேத்த மாதிரி எடை சேர்த்த பழைய ஃபிரேமுக்கு புது மாடலின் பெயின்ட் அடிச்சு ஆடுறவங்க உண்டு. அப்போ நாம காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்தப் பெயின்டைத்தான்.

ரெண்டாவது வழி, நம்ம அம்மா அப்பாவோட வழி. "வளர்ற புள்ள, பெருசாவே வாங்கு, மூணு வருஷம் வரும்." ஸ்கூல் யூனிஃபார்முக்கு இது சரி. சட்டை தொளதொளன்னு இருந்தா யாருக்கும் கை வலிக்காது. ராக்கெட் அப்படி இல்லை. இன்னிக்குத் தூக்க முடியாத ஒன்றை வைத்துப் பழகினால், மணிக்கட்டை மடக்கி அடிக்கிற கெட்ட பழக்கம்தான் முதலில் ஒட்டிக்கொள்ளும்.

மூணாவது வழி, "கத்துக்கட்டும், அப்புறம் நல்லதா வாங்கலாம்"னு இருப்பதிலேயே விலை குறைஞ்ச அலுமினிய பேட். கழுத்துப் பகுதியில் பிளாஸ்டிக் துண்டு வைத்துச் செய்திருப்பார்கள். பந்து பட்டதும் மொத்த அதிர்வும் கைக்கு வரும். ஏழெட்டு வயசுக் குழந்தை மெதுவான பந்தில் ஆட அது போதும். பதினாலு வயசுப் பிள்ளை வேகமா அடிக்க ஆரம்பிச்சதும் தாங்காது.

சரி, அப்போ எதைத்தான் வாங்குறது?

நீளத்தை வயசு பார்த்து முடிவு செய்யாதீங்க, உயரம் பாருங்க. நாலரை அடிக்கும் அஞ்சு அடிக்கும் நடுவில் இருந்தால் 26 இன்ச். அஞ்சு அடி தாண்டிட்டா பெரியவர்களுக்கான 27 இன்ச். தலைப்பகுதி 100 முதல் 105 சதுர இன்ச். 27 இன்ச் ராக்கெட்டா இருந்தா, நரம்பு இல்லாமல் 260 முதல் 285 கிராம் எடை. முழுக்க கிராஃபைட்டா இருக்கட்டும். புதுசா இருக்கணும்னு அவசியமே இல்லை. விரிசல் இல்லாத பழைய கிராஃபைட் ஃபிரேம், புது அலுமினியத்தைவிட எவ்வளவோ மேல்.

பெரிய தலை வைத்த ராக்கெட் கத்துக்குட்டிகளுக்கானது என்று பையன் முகம் சுளிச்சா, பாம் ஷ்ரைவர் கதையைச் சொல்லுங்க. 1978 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டிக்கு வந்தபோது அவருக்கு வயசு 16. கையில் இருந்தது பிரின்ஸ் கம்பெனியின் பெரிய தலை ராக்கெட். ஃபெடரரே 2014இல் 90 சதுர இன்ச்சை விட்டுட்டு 97க்கு மாறினவர்தான்.

"எடை குறைஞ்சா நல்லதுதானே, 230 கிராம் வாங்கிடலாமே?"ன்னு கேப்பீங்க. அங்கே ஒரு சிக்கல். டென்னிஸ் பந்தே 56 கிராமுக்கு மேல். அது வேகமா வரும்போது, ரொம்ப லேசான ராக்கெட் பின்னால் தள்ளப்படும். அந்த உதறல் முழங்கைக்குத்தான் போகும். இன்னொரு விஷயம், மொத்த எடையைவிட அது எங்கே இருக்கு என்பது முக்கியம். மெக்கானிக்ஸ் பேப்பர்ல படிச்ச மொமென்ட் ஆஃப் இனர்ஷியா ஞாபகம் இருக்கா? தூரத்தின் வர்க்கம். சுழலும் புள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்த 5 கிராமைவிட, 60 செ.மீ. தள்ளி வைத்த அதே 5 கிராம் 36 மடங்கு எதிர்ப்பு காட்டும். அதனால்தான் ஒரே எடையுள்ள ரெண்டு ராக்கெட்டில் ஒன்று கனமாகவும் இன்னொன்று லேசாகவும் தெரியுது. இதை எந்த ரிவியூவும் கைக்குச் சொல்லாது. வீசிப் பார்த்தால்தான் தெரியும்.

கைப்பிடிக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. ராக்கெட்டைப் பிடித்ததும் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மறு கையின் ஆள்காட்டி விரல் நுழையணும். ரெண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தா சின்னதையே எடுங்க. ஓவர்கிரிப் சுற்றிப் பெருசாக்கலாம். பெருசைச் சின்னதாக்குவது கஷ்டம்.

நரம்பைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. பந்தைத் தொடுவது ஃபிரேம் இல்லை, நரம்புதான். டிவியில் பார்ப்பவர்கள் கட்டும் பாலியெஸ்டர் நரம்பு விறைப்பானது. ஆரம்பிக்கிற கைக்கு வேண்டாம். நைலான் வகையான சிந்தெடிக் கட், 50 பவுண்டு பக்கத்தில் கட்டச் சொல்லுங்க. நரம்பில் மாட்டுகிற அந்தக் குட்டி ரப்பர் டாம்ப்னர் சத்தத்தைத்தான் குறைக்கும், முழங்கையைக் காப்பாற்றாது.

"ஒரு பேட்டுக்கு இவ்வளவு யோசிக்கணுமா? திறமை இருந்தா எதை வச்சும் ஆடுவான்"னு சொல்பவர்கள் இருக்காங்க. ஓரளவு உண்மைதான், நல்ல ராக்கெட் யாரையும் சாம்பியன் ஆக்காது. ஆனால் பொருந்தாத ராக்கெட் ஒருத்தரை ஆட்டத்தை விட்டே அனுப்பிடும். பந்து வலையில் விழுந்துகொண்டே இருந்தால், தோள் வலித்தால், அந்த வயசுப் பிள்ளை பேட்டைக் குறை சொல்லாது. "எனக்கு வரல"ன்னு தன்னைத்தான் சொல்லிக்கும். வீட்டிலும் "மூணு மாசத்துல விட்டுட்டான், அடுத்து எதுவும் வாங்கித் தராதீங்க"ன்னு பெயர் வாங்கிடும். தங்கச்சியா இருந்தா இன்னும் மோசம். வெயில்ல என்ன விளையாட்டுன்னு கேக்கக் காத்திருக்கும் சொந்தக்காரங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிடும்.

அதனால ஸ்டைபண்ட் வந்ததும் சர்ப்ரைஸா பார்சல் அனுப்பாதீங்க. முதல் ஒரு மாசம் பயிற்சி நடக்கிற இடத்தில் இருக்கும் ராக்கெட்டுகளையே இரவல் வாங்கி ஆடச் சொல்லுங்க. எது கைக்குப் பழகுதுன்னு கோச்சிடமும் கேளுங்க. அப்புறம் கடைக்குக் கூட்டிட்டுப் போய், கையை நேரா நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க. அரை நிமிஷத்துல நுனி கீழே சாயுதுன்னா, கலர் எவ்வளவு பிடிச்சிருந்தாலும் திரும்ப வச்சிடுங்க. மிச்சமாகிற காசுக்கு ஒரு டப்பா பந்து வாங்குங்க. ஞாயித்துக்கிழமை எதிர்ப்பக்கம் நின்னு அதைத் திருப்பிப் போட ஒரு ஆள் வேணும், அதுக்கு நீங்க இருக்கீங்க.