கல்மரமும் கதாநாயகனும்

திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் 2 கோடி வருஷத்துக் கல்மரங்கள் கிடக்கின்றன. மரம் கல்லாக எத்தனை யுகமோ! ஓரங்க நாடகப் போட்டி மேடையில் நம்ம ஆபீஸ் ஆசாமி வசனம் மறந்து கல்லாக ரெண்டே செகண்ட் போதும்.

சிரிக்காதீங்க சார். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ சபாவை ஆரம்பித்தது, 'கூத்தாடி' என்றாலே ஊர் முகம் சுளித்த காலத்தில். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் துணிந்து அரிதாரம் பூசினார்கள். முதலியாரே பின்னாளில் ஜட்ஜ்!

ஓரங்கத்தில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். விட்ட வசனத்தை அடுத்த சீனில் பிடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் நிற்பவர் வசனத்தையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணுங்க. கப் வராவிட்டால் என்ன? கல்லாகிப்போன சிநேகிதனுக்கு அடியெடுத்துக் கொடுத்து உயிர் கொடுக்கலாமே. அதைவிடப் பெரிய நடிப்பு ஏது!