பார்ப்பவர் இல்லாமல் விளையாட்டு ஏது?

“உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்க்க ஆசையா, காசு கொடுங்கள், இலவசமாகக் காட்டினால் விளையாட்டு நலிந்துபோகும்” என்கிறார் ஒரு கட்டுரையாளர். நலிந்தது எங்கே?

பிரிட்டனில் உலகக் கோப்பையையும் ஐரோப்பியக் கோப்பையையும் எல்லோருக்கும் எட்டும் அலைவரிசைகளில் காட்ட வழிசெய்யும் பட்டியல் இருக்கிறது. அத்தனை ஆட்டங்களையும் அதில் சேர்க்கக் கூடாது, அது தங்கள் சொத்துரிமையைப் பாதிக்கிறது என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவும் ஐரோப்பியச் சம்மேளனமான யூஃபாவும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயின. 2013 ஜூலையில் மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. ஃபிஃபாவின் வருமானமோ அதன்பின் வளர்ந்திருக்கிறது. 2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை பிபிசி, ஐடிவி இரண்டிலும் சேர்த்து உச்ச நேரத்தில் பிரிட்டனில் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். (பிபிசிக்கு உரிமக் கட்டணம் உண்டுதான், ஆனால் அது போட்டிக்கென்று தனியாக வாங்கும் காசல்ல.)

மாறாக, கிரிக்கெட்டைப் பாருங்கள். 2005 ஆஷஸ் தொடரைச் சேனல் 4 இலவசமாகக் காட்டியது. உச்சத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் உள்நாட்டு டெஸ்ட் ஆட்டங்கள் கட்டணச் சேனலுக்குப் போயின. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் வந்தது. சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரலை இல்லாமல் போனது.

அந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் உரிமை எந்தச் சம்மேளனத்துக்கும் கிடையாது. பட்டியல் நீடிக்கட்டும்.